பழைய வண்டிக்கு 98 பெட்ரோல் ஊத்தணுமா, 95 போதுமா? நிறைய பேர் கேக்குற கேள்விகள்

என்கிட்ட இருக்கிறது 2008 டொயோட்டா வியோஸ் காரு. சிங்கப்பூர்ல காரு வச்சுக்கிறதுக்கு வாங்குற உரிமம், சிஓஇ, அது 2018ல முடிஞ்சப்போ ஸ்க்ராப் பண்ண மனசு வரல, பத்து வருஷத்துக்கு ரினியூ பண்ணிட்டேன், இப்ப ரோடு டாக்ஸ் மேல 50 விழுக்காடு சர்சார்ஜும் சேத்து கட்டிக்கிட்டு ஓட்டிட்டு இருக்கேன். வீட்ல எல்லாரும் அதுக்கு கிழவின்னு பேர் வச்சிட்டாங்க. என்னை மாதிரி சிஓஇ ரினியூ பண்ணவங்க கூட்டாளிங்கள்ல நிறைய பேர் இருக்காங்க, பிளாக் கீழ கோப்பி குடிக்கும்போது சுத்தி சுத்தி 98 பெட்ரோலா 95ஆங்கிற இந்த ஒரு பேச்சுதான் வரும், அதான் அவங்க கேட்டதையும் நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டதையும் இங்க எழுதி வைக்கிறேன்.

வளவளன்னு பேசாம சொல்லுங்க, 98 ஊத்தலாமா வேணாமா?

பெட்ரோல் டேங்க் மூடிய தொறங்க, உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும், இல்லன்னா மேனுவல்ல இருக்கும். 91, 92, 95 அப்படின்னு போட்டிருந்தா 95 ஊத்திட்டு கிளம்பிடுங்க. 98 கண்டிப்பா வேணும்னு போட்டிருந்தா 98 ஊத்துங்க. வண்டிக்கு வயசாச்சுங்கிற ஒரே காரணத்துக்காக மேல போக வேண்டியதில்ல. ஒரு விதிவிலக்கு இருக்கு, இன்ஜின் டிக் டிக்னு கத்துற நாக்கிங் விஷயம், அதை கீழ சொல்றேன்.

92, 95, 98னா என்னதான் அர்த்தம்? பெரிய நம்பர்னா நல்ல பெட்ரோல்தானே?

எல்லாரும் மாட்டிக்கிறது இங்கதான். அந்த நம்பர் ஆக்டேன் நம்பர், அது தரத்துக்கு போடுற மார்க் கிடையாது. ஐசோ ஆக்டேன்னு ஒரு திரவம், அதுக்கு 100னு வச்சிருக்காங்க, ஹெப்டேன்னு இன்னொண்ணு, அதுக்கு 0. கம்ப்ரஷன, அதாவது பெட்ரோல் காத்து கலவைய நெருக்குற அளவ, கூட்டி குறைக்கிற மாதிரி ஒரு டெஸ்ட் இன்ஜின் இருக்கு, அதுல உங்க பெட்ரோல ஓட்டி பாத்து, 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தா எப்படி தாக்குப் பிடிக்குமோ அதே மாதிரி இதுவும் தாக்குப் பிடிச்சா அதுக்கு பேரு 95. அவ்வளவுதான் கதை.

எதைத் தாக்குப் பிடிக்கிறதுன்னு கேட்டா, நாக்கிங்க. சரவெடி தெரியும்ல, இங்க சிங்கப்பூர்ல வெடிக்க முடியாது, ஊர்ல தீபாவளிக்கு பாத்திருப்பீங்க. ஒரு முனையில பத்த வச்சா வரிசையா வெடிச்சிக்கிட்டே அடுத்த முனைக்கு வரணும். இன்ஜினுக்குள்ளயும் அப்படித்தான், ஸ்பார்க் பிளக் பத்த வைக்கும், நெருப்பு அங்கேருந்து பரவிக்கிட்டே போகும். ஆனா பரவுற நெருப்பு மீதி இருக்கிற பெட்ரோல் காத்து கலவைய ஓரத்துல நெருக்கி சூடாக்கும், அது தாங்காம நெருப்பு வந்து சேர்றதுக்கு முன்னாடியே தானா படார்னு வெடிச்சிட்டா அதான் நாக்கிங். கம்ப்ரஷன் ஜாஸ்தியா இருக்கிற இன்ஜின், டர்போ இன்ஜின், இதுங்கள்ல அந்த சூடும் அழுத்தமும் அதிகம், அதனால பொறுமையான பெட்ரோல் வேணும். 98ங்கிறது பொறுமைசாலி. உங்க இன்ஜின் அந்த பொறுமைய சோதிக்கவே இல்லைன்னா அதுக்கு ஏன் காசு குடுக்கணும்?

98 ஊத்தினா இழுவை நல்லா இருக்குன்னு என் மச்சான் சத்தியம் பண்றாரு.

மச்சான் பொய் சொல்லல, அவருக்கு அப்படி தோணுது. காசு ஜாஸ்தியா குடுத்துட்டோம்ல, கால் தானா கொஞ்சம் அழுத்தமாத்தான் மிதிக்கும்.

ஒரு லிட்டர் 98ல இருக்கிற சக்தி ஒரு லிட்டர் 95ல இருக்கிற மாதிரிதான், சொல்லிக்கிற அளவுக்கு வித்தியாசம் இல்ல. இப்ப இருக்கிற இன்ஜின்கள்ல நாக் சென்சர் இருக்கும், நாக்கிங் வந்தா கம்ப்யூட்டர் ஸ்பார்க்க கொஞ்சம் லேட் பண்ணும், இல்லன்னா ஃபேக்டரில வச்ச அளவு வரைக்கும் முன்ன கொண்டு போகும். 98க்குன்னு டியூன் பண்ண வண்டில 95 ஊத்தினா பவர் கொஞ்சம் குறையும், அதுல 98க்கு திரும்பினா வித்தியாசம் நல்லாவே தெரியும், அது உண்மை. ஆனா 91லயே நிம்மதியா ஓடுற இன்ஜின் 95லயே அதோட உச்சத்துக்கு போயிடுச்சு, அதுக்கு மேல ஏற படி கிடையாது.

அமெரிக்காவுல ஏஏஏன்னு வண்டிக்காரங்க சங்கம் ஒண்ணு இருக்கு, 2016ல சாதா பெட்ரோலுக்குன்னு செஞ்ச நாலு, ஆறு, எட்டு சிலிண்டர் இன்ஜின்கள எடுத்து சாதா, பிரீமியம் ரெண்டு பெட்ரோலையும் ஊத்தி டெஸ்ட் பண்ணாங்க. பவர், மைலேஜ், புகை, எதுலயும் சொல்லும்படியா வித்தியாசம் இல்ல. அந்த ஊர்க்காரங்க ஒரு வருஷத்துல இப்படி தேவையில்லாம ஊத்தினதுக்கு 2.1 பில்லியன் டாலர் போச்சுன்னு கணக்கும் போட்டாங்க.

நானும் கிழவில பாத்தேன், மூணு டேங்க் 95, மூணு டேங்க் 98, ஒவ்வொரு தடவையும் ஃபுல் டேங்க் அடிச்சு கிலோமீட்டர் குறிச்சு வச்சேன். 95லயும் லிட்டருக்கு பதிமூணு கிலோமீட்டருக்கு பக்கம், 98லயும் பதிமூணுக்கு பக்கம். ஈஷுன்லேருந்து வரும்போது பிஐஇ எக்ஸ்பிரஸ்வே ஜாம்ல மாட்டிக்கிட்ட நாளுக்கும் மாட்டாத நாளுக்கும் இருக்கிற வித்தியாசம் அதைவிட பெருசா இருந்துச்சு.

சரி, ஆக்டேன விடுங்க. 98 மாதிரி பிரீமியம் பெட்ரோல்ல கிளீனிங் மருந்து இருக்காமே, பழைய இன்ஜினுக்கு அது நல்லதுதானே?

இது நியாயமான கேள்வி. ஆக்டேன் வேற, கிளீனிங் மருந்து வேற, ரெண்டையும் போட்டு குழப்பிக்கக்கூடாது. டிடர்ஜென்ட்னு சொல்ற அந்த மருந்து, பெட்ரோல தெளிக்கிற இன்ஜெக்டர்லயும் காத்து உள்ள வர்ற இன்டேக் வால்வுலயும் கரி படியாம பாத்துக்கும், அதுக்கு நிஜமாவே வேலை இருக்கு. அதே ஏஏஏ அதே 2016ல இதையும் டெஸ்ட் பண்ணாங்க, டாப் டியர்னு கார் கம்பெனிங்க சேந்து வச்சிருக்கிற தரத்துக்கு மருந்து கலந்த பெட்ரோல் ஒரு பக்கம், அது இல்லாதது ஒரு பக்கம், 4,000 மைல் ஓட்டின கணக்குக்கு பாத்தா மருந்து கம்மியானதுல வால்வு மேல கரி சராசரியா 19 மடங்கு. ஆனா அந்த டெஸ்ட்ல மருந்த பாத்தாங்களே ஒழிய ஆக்டேன பாக்கல, சாதா பெட்ரோல்லயே நல்ல மருந்து கலந்தது இருக்கு.

இங்க சிங்கப்பூர்லயும் பெரிய பிராண்டுங்க 95லயும் மருந்து கலக்குறாங்க, கால்டெக்ஸ்ல 92, 95 எல்லாத்துலயும் டெக்ரான்ங்கிற அவங்க மருந்து இருக்கு, அவங்க 98 பிளாட்டினத்துல மட்டும்னு நினைக்காதீங்க. ஷெல் வி-பவர், எஸ்ஸோ சுப்ரீம் பிளஸ் இதுங்கள்ல மருந்து கூட இருக்கும்னு அவங்களே சொல்றாங்க, இருக்கட்டும், சாம்பார்ல பெருங்காயம் கூட போட்டா வாசம் வரும், பருப்பு ஜாஸ்தி ஆகிடாது.

இன்னொரு விஷயம். பழைய வண்டிங்கள்ல பாதிக்கு மேல பெட்ரோல இன்டேக் வால்வு மேலயே தெளிக்கிற மாதிரி இருக்கும், என் வியோஸும் அப்படித்தான், அதுல மருந்து வால்வ கழுவிட்டு போகும். ஆனா டைரக்ட் இன்ஜெக்ஷன்னு நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கிற இன்ஜின்ல, பழைய ஃபோக்ஸ்வாகன் டிஎஸ்ஐ மாதிரி வண்டிங்கள்ல, பெட்ரோல் இன்டேக் வால்வு பக்கமே போகாது. அங்க படிஞ்ச கரிய எந்த பிரீமியம் ஊத்தினாலும் எடுக்க முடியாது, வொர்க்‌ஷாப்ல இன்டேக் கழட்டி வால்நட் ஓட்டுப் பொடிய அடிச்சுத்தான் எடுக்கணும். அந்த வண்டி வச்சிருக்கிறவங்கதான் பாவம் அதிகமா பிரீமியம் ஊத்துறாங்க.

காசு கணக்கு எவ்வளவு வரும்?

விலை வாரா வாரம் மாறும், ஒரு கணக்குக்கு 95 ஒரு லிட்டர் 2.80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 98 ஒரு லிட்டர் 3.25ன்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர்னா 1,250 லிட்டர். 45 காசு வித்தியாசம், மொத்தம் 562 வெள்ளி 50 காசு. இந்த காச 98 திருப்பி குடுக்கணும்னா உங்க மைலேஜ் 12லேருந்து கிட்டத்தட்ட 14க்கு ஏறணும், 16 விழுக்காடு. நடக்குற காரியமா?

அந்த 45 காசுல கொஞ்சம் பெட்ரோலுக்கே போறதில்ல, அது தெரியுமா? 2021 பட்ஜெட்ல பெட்ரோல் வரி ஏறிச்சு, 98க்கும் அதுக்கு மேலயும் லிட்டருக்கு 79 காசு, 92க்கும் 95க்கும் 66 காசு. வரில மட்டும் 13 காசு வித்தியாசம், அது மேல 9 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டா 14 காசு சொச்சம். எங்க ஊத்தினாலும் கார்டு டிஸ்கவுன்ட் கழிச்ச பிறகு உள்ள விலைய பாருங்க, கேஸ்ங்கிற பயனீட்டாளர் சங்கத்தோட ஃப்யூல் காக்கி வெப்சைட்ல பிராண்ட் பிராண்டா போட்டிருப்பாங்க. பங்க்ல பெருசா மாட்டியிருக்கிற விலைய யாருமே முழுசா கட்டுறதில்ல.

மேடு ஏறும்போது டிக் டிக்னு சத்தம் வருது, 98 ஊத்தினா நிக்குது. அப்ப 98 நல்லதுதானே?

இதான் நான் சொன்ன விதிவிலக்கு. வருஷக் கணக்கா ஓடின இன்ஜின்ல பிஸ்டன் தலையிலயும் அதுக்கு மேல பெட்ரோல் எரியுற எடத்துலயும் கரி படியும். கரி எடம் அடைச்சிக்கிறதால கம்ப்ரஷன் கொஞ்சம் ஏறும், சூட்டையும் புடிச்சு வச்சுக்கும். புதுசுல 92லயே சத்தம் இல்லாம ஓடினது பதினஞ்சு வருஷம் கழிச்சு 92ல டிக் டிக்னு கத்தலாம், மல்டி ஸ்டோரி கார்பார்க் ராம்ப்ல நாலு பேர ஏத்திக்கிட்டு ஏசியும் போட்டுட்டு ஏறினா நல்லா கேக்கும். ஒரு படி மேல போங்க, 92லேருந்து 95க்கு. பெரும்பாலும் அதுலயே நின்னுடும்.

95லயும் கத்துதுன்னா 98 ஊத்தி சத்தத்த அடக்கலாம்தான், ஆனா அது பல்வலிக்கு பனடோல் போடுற மாதிரி. ஏன் வருதுன்னு பாக்கணும். தண்ணி சரியா சுத்தாம இன்ஜின் சூடாகுதா, அந்த தண்ணி சூட்ட கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் போச்சா, ஸ்பார்க் பிளக் தப்பான ரகமா, புகைய கொஞ்சம் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற இஜிஆர் அடைச்சிருக்கா, நாக் சென்சரே செத்துப் போச்சா. நான் பாத்த வரைக்கும் பழைய வண்டில நாக்கிங்குக்கு அப்பன் கூலிங் பிரச்சனைதான்.

நிக்கும்போது வண்டி நடுங்குது, ஸ்டார்ட் லேட்டா ஆகுது. பிரீமியம் ஊத்தி பாக்கவா?

நான் ஊத்தி பாத்தேன், அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிடுறேன். சிக்னல்ல நிக்கும்போது கிழவி நடுங்குவா, ஸ்டியரிங்ல கை வச்சா மசாஜ் மாதிரி இருக்கும். யாரோ சொன்னாங்கன்னு நாலு டேங்க் 98 அடிச்சேன், ஒவ்வொரு தடவையும் முப்பத்தஞ்சு லிட்டர், அறுபது வெள்ளிக்கு மேல கூடுதலா போச்சு. நடுக்கம் ஒரு இம்மி குறையல. அப்புறம் சின் மிங் பக்கம் ஒரு மெக்கானிக் அங்கிள்கிட்ட காட்டினா அவரு பானெட்ட தொறந்து, என்னை டிரைவ்ல போட்டு பிரேக்க மிதிக்க சொல்லிட்டு, அஞ்சு நிமிஷத்துல “மவுன்டிங் போச்சு லா” அப்படின்னுட்டாரு. இன்ஜின தாங்கி பிடிக்கிற ரப்பர் கிழிஞ்சு தொங்குது. காத்து உள்ள போற த்ராட்டில் பாடில கரி தார் மாதிரி. ரெண்டையும் சரி பண்ணி 95 ஊத்திக்கிட்டு போறேன், இப்ப சிக்னல்ல வண்டி ஓடுதா நின்னுடுச்சான்னு சந்தேகமா இருக்கு.

அதனால 98க்கு ஒதுக்கி வச்ச அந்த ஐநூறு சொச்சம் வெள்ளிய இங்க போடுங்க: பிளக், ஏர் ஃபில்டர், த்ராட்டில் கிளீனிங், இன்ஜின் ஆயில் நேரத்துக்கு, டயர் காத்து. டயர் காத்து இலவசம், அதைத்தான் யாரும் பாக்குறதில்ல.

ஜப்பான்லேருந்து பேரலல் இம்போர்ட்ல, அதாவது கம்பெனி ஏஜென்ட் இல்லாம வேற டீலர் மூலமா வந்த வண்டி, மூடில ஜப்பான் எழுத்துதான் இருக்கு.

போன்ல படம் புடிச்சு டிரான்ஸ்லேட் பண்ணி பாருங்க. ரெகுலர்னு வந்தா ஜப்பான்ல அது 89க்கு மேல, ஹை ஆக்டேன்னு வந்தா 96க்கு மேல. அதாவது ரெகுலர் வண்டின்னா நம்மூர் 92 போதும், 95 தாராளம். ஹை ஆக்டேன்னு போட்டிருந்தா 98க்கு போயிடுங்க, அங்க பங்க்ல ஹை ஆக்டேன்னு விக்கிறது பெரும்பாலும் 100க்கு பக்கம், இன்ஜின அதை நம்பித்தான் டியூன் பண்ணியிருப்பாங்க.

அமெரிக்கா வீடியோ பாத்துட்டு வந்து 87, 91, 93னு பேசுறவங்களுக்கும் ஒண்ணு. அவங்க ரெண்டு விதமா அளந்து சராசரி எடுத்து போடுறாங்க, அவங்க 87ங்கிறது இங்க 91, 92 மாதிரி, அவங்க 93 இங்க 98 மாதிரி. அங்க பிரீமியம்னு சொல்ற 91, இங்க நம்ம 95க்கும் 96க்கும் பக்கம்தான் வரும்.

98 கேக்குற வண்டி, அவசரத்துக்கு 95 ஊத்தினா கெட்டுடுமா?

மேனுவல்ல 98 பரிந்துரை, கம்மி பட்சம் 95னு போட்டிருந்தா பயமே வேணாம், கொஞ்சம் இழுவை குறையும். 98 கட்டாயம்னு போட்டிருந்தா ஒரு டேங்குக்கு ஆக்ஸிலேட்டர அமுக்காம மெதுவா ஓட்டிட்டு அடுத்த தடவை 98. டர்போ வண்டில இதுல கஞ்சத்தனம் வேணாம், சத்தம் காதுல விழாமலே நாக்கிங் பிஸ்டன கடிச்சிடும்.

95, 98 கலக்கலாமா?

கலக்கலாம். பாதிக்கு பாதி ஊத்தினா 96 அரை மாதிரி வரும். ஒண்ணும் ஆகாது.

மலேசியால ஜேபில (ஜோகூர் பாரு) அடிக்கலாம்ல, அங்க எது ஊத்தணும்?

வெளிநாட்டு வண்டிக்கு அங்க 95 விக்கக்கூடாதுன்னு 2010லேருந்தே சட்டம் இருக்கு, 95 வர்ற மஞ்சள் பைப்ப தொடாதீங்க, மானம் போற மாதிரி வீடியோ எடுத்து போட்டுடுவாங்க. 97 ஊத்தலாம், 95 கேக்குற வண்டிக்கு 97 தாராளமா போதும், விலையும் இங்க 95 விக்கிறதவிட ரொம்ப கம்மி, அதனால ஆக்டேன் தேவையா இல்லையாங்கிற கேள்வியே அங்க எழாது. ஆனா சிங்கப்பூர விட்டு போக உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிய தாண்டும்போது டேங்க்ல முக்கால் இருக்கணும், இல்லன்னா 500 வெள்ளி வரைக்கும் அபராதம். பழைய வண்டில பெட்ரோல் மீட்டர் முள்ளு பொய் சொல்லும், என் வண்டி முக்கால்னு காட்டுறப்போ நான் நம்புறதில்ல, கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஊத்திக்குவேன்.

பத்து வருஷம் தாண்டியாச்சு, வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷன். புகை டெஸ்ட் பாஸ் ஆக 98 ஊத்திட்டு போகலாமா?

ஊத்திட்டு போறவங்கள பாத்திருக்கேன். புகை டெஸ்ட்ல மாட்டுறது பெரும்பாலும் ஆக்ஸிஜன் சென்சர், புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், பழைய பிளக், ஆயில் குடிக்கிற இன்ஜின் இதுங்களாலதான், 98க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. போறதுக்கு முன்னாடி எக்ஸ்பிரஸ்வேல ஒரு இருபது நிமிஷம் ஓட்டி இன்ஜினையும் கன்வர்ட்டரையும் நல்லா சூடாக்கிட்டு போங்க, அது உண்மையிலேயே உதவும்.

கடையில பாட்டில்ல விக்கிற கிளீனிங் மருந்து?

பிஇஏன்னு சொல்ற பாலிஈதர்அமீன் இருக்கிறத வாங்குங்க, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை ஊத்தினா போதும், வருஷம் முழுக்க பிரீமியம் ஊத்துறத விட மலிவு. ஆக்டேன் பூஸ்டர்னு விக்கிறத தள்ளி வச்சிடுங்க.

பைக்குக்கு?

சின்ன பைக்கு, ஒண்டா வேவ் மாதிரி, 92 போதும். 92 எல்லா இடத்துலயும் கிடைக்காது, ஷெல்ல 95லேருந்துதான் ஆரம்பம், கிடைக்கலைன்னா 95. பழைய கார்புரேட்டர் பைக்ல அநேகமா நாக் சென்சரே கிடையாது, உங்க காதுதான் சென்சர், ஹெல்மெட்டுக்குள்ள பாட்ட நிறுத்திட்டு ஒரு தடவை மேடு ஏறி பாருங்க.

1998க்கு முன்னாடி வண்டி, கிளாசிக் வச்சிருக்கேன். ஈயம் இல்லாத பெட்ரோல் ஒத்துக்குமா?

இங்க ஈயம் கலந்த பெட்ரோல் 1998 ஜூலைல நின்னுபோச்சு. அந்த காலத்துல ஈயம் ரெண்டு வேலை பாத்துச்சு, நாக்கிங்க அடக்கிச்சு, வால்வு உக்கார்ற எடத்த தேயாம காப்பாத்துச்சு. முதல் வேலைய 98 பாத்துக்கும். ரெண்டாவது வேலைய எந்த ஆக்டேனும் பாக்காது, இன்ஜின் ஹெட்ட கழட்டி கெட்டியான வால்வு சீட் போட்டிருக்காங்களான்னு பாக்கணும், இல்லன்னா அதுக்குன்னு இருக்கிற மருந்த கலக்கணும்.

கம்பெனி லாரி, டீசல். அதுக்கும் இதே கணக்கா?

டீசலுக்கு ஆக்டேன் நம்பர் கிடையாது, சீட்டேன்னு வேற நம்பர். அது தலைகீழ் கதை, அங்க சீக்கிரம் தானா பத்திக்கணும். பழைய லாரிக்கு பிரீமியம் டீசல விட டீசல் ஃபில்டர நேரத்துக்கு மாத்துறதும் வாட்டர் செபரேட்டர்ல தேங்குன தண்ணிய வடிக்கிறதும்தான் முக்கியம். முதலாளி வண்டிதானேன்னு விட்டுடாதீங்க, நடு ரோட்டுல நின்னா வெயில்ல நிக்கிறது நீங்கதான்.